விஸ்கி வடிசாலையில் ஒரு கொலை: கோஸி மர்மக்கதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் ஒரு மூலையில் பழைய விஸ்கி வடிசாலை. முதலாளி இறந்துபோகிறார். உயிலைப் பிரித்தால் யாரும் எதிர்பார்க்காத ஒருத்தியின் பெயர். அவள் வந்து சாவிக்கொத்தை வாங்கிய வாரமே கிடங்கில் ஒரு பிணம். இப்படித் தொடங்கும் கதைகள் என்றால் எனக்கு உயிர். இவற்றைப் படிக்கிறவர்களும், தமிழில் ஒன்று எழுதிப் பார்க்க நினைக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

கோஸி என்றால் என்ன? கொலைக்கதை எப்படி இதமாக இருக்கும்?

மழை நாளில் போர்வைக்குள் சுருண்டுகொண்டு படிக்கிற சுகத்தைத்தான் கோஸி என்கிறார்கள். கொலை உண்டு. ஆனால் கத்தி இறங்குவதை நாம் பார்ப்பதில்லை. கதவைத் திறக்கும்போது காரியம் முடிந்திருக்கும். துப்பறிபவர் போலீஸ் கிடையாது. நூலகராக இருப்பார், பேக்கரி நடத்துபவராக இருப்பார், ஓய்வுபெற்ற டீச்சராக இருப்பார். ஊர் சின்னது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கொலை செய்தவரும் அந்த ஊர்க்காரர்தான். நேற்று வீட்டுக்கு வந்து டீ குடித்தவராகக்கூட இருக்கலாம். முடிவில் உண்மை வெளியே வந்தே ஆக வேண்டும்.

பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கிப் படித்த பாக்கெட் நாவல்களின் வேகம் இதில் இருக்காது. ஓர் ஊரையும் ஒரு தொழிலையும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த நிறைவு இருக்கும். அதனால்தான் இந்த வகையில் தொழிலை அலங்காரத்துக்கு வைத்தால் கதை விழுந்துவிடும் என்று சொல்கிறேன். பேக்கரியில் நடக்கும் கொலையை மாவும் அடுப்பும் அவிழ்க்க வேண்டும். வடிசாலையில் நடந்த கொலையை விஸ்கி அவிழ்க்க வேண்டும்.

அப்படியானால் வடிசாலையில் அப்படி என்ன விசேஷம்?

அங்கே எல்லாமே அளக்கப்படுகிறது, அளந்தது எழுதப்படுகிறது. விஸ்கிக்கு வரி உண்டு, அந்த வரி ஆல்கஹாலின் அளவைப் பொறுத்தது. ஆகவே எத்தனை டன் பார்லி வந்தது, எத்தனை லிட்டர் வடிந்தது, எந்தப் பீப்பாயில் எந்தத் தேதியில் எவ்வளவு நிரம்பியது, அதன் வீரியம் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் பேரேட்டில் பதிவு உண்டு. மனிதர்கள் பொய் சொல்லலாம். ஆனால் வடிசாலையில் ஒருவர் பொய் சொன்னால் எங்கோ ஓர் எண் இடிக்கும். நல்ல வடிசாலைக் கதையில் துப்பு ரத்தக்கறையில் இருக்காது, அந்த இடிக்கிற எண்ணில் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இன்று வடிப்பதை விற்கக் குறைந்தது 3 ஆண்டு, பெரும்பாலும் 10, 12 ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆக, வடிசாலையைச் சொத்தாகப் பெறுகிறவர் கிடங்கில் பார்ப்பது இறந்தவர்கள் நிரப்பிவைத்த பீப்பாய்களை. அவர்கள் செய்த நல்லதும் கெட்டதும் அதற்குள்ளேயே ஊறிக்கொண்டிருக்கிறது.

நிஜத்தில் யாருக்காவது இப்படி எதிர்பாராமல் வடிசாலை கிடைத்திருக்கிறதா?

கிடைத்திருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த கதை பெஸ்ஸி வில்லியம்சனுடையது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்த பெண். 1934 கோடையில் ஐலா தீவின் லஃப்ரோய்க் வடிசாலைக்கு மூன்று மாதத் தற்காலிக வேலைக்கு வந்தார், அலுவலகத்தில் டைப் அடிக்க. முதலாளி இயன் ஹன்டர் ரகசியம் காப்பதில் கெட்டிக்காரர், யாரையும் எளிதில் நம்பாதவர். 1938இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அப்புறம் பொறுப்புகள் ஒவ்வொன்றாகப் பெஸ்ஸியின் கைக்கு வந்தன. 1954இல் ஹன்டர் பிள்ளை இல்லாமல் இறந்தபோது வடிசாலை பெஸ்ஸிக்கு எழுதப்பட்டிருந்தது. 1972இல் ஓய்வு பெறும் வரை அவர்தான் அங்கே எல்லாம்.

இதில் கொலை இல்லை, குற்றமும் இல்லை. ஆனால் கதை எழுதுகிறவர் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்! வெளியூர்ப் பெண், 20 வருடம், தீவு முழுக்க வாய், ஓர் உயில். அந்த உயில் வாசிக்கப்பட்ட அறையில் இன்னும் நாலு பேர் இருந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள்.

குடும்பத்துக்குள்ளேயே கைமாறிய வடிசாலைகளும் உண்டு. ஸ்பேசைடு பகுதியின் கார்டூவில், சட்டவிரோதமாக வடித்த காலத்தில், ஹெலன் கம்மிங் என்ற குடும்பத்தலைவி கலால் அதிகாரிகள் வந்தால் கொல்லையில் சிவப்புக் கொடி ஏற்றி அக்கம்பக்கத்து வடிப்பாளர்களை எச்சரிப்பாராம். பின்னாளில் அவர் மருமகள் எலிசபெத், கணவர் இறந்தபின் வடிசாலையைத் தனியாக நடத்தி, 1885இல் புதிதாகக் கட்டி, 1893இல் ஜான் வாக்கர் கம்பெனிக்கு விற்றார். மாமியாரும் மருமகளும் சேர்ந்து ஒரு தொழிலைத் தூக்கி நிறுத்திய கதை இது. கிளென்ஃபார்கிளஸ் வடிசாலை, 1865இல் அதை வாங்கிய கிராண்ட் குடும்பத்திடமே இன்றும் இருக்கிறது.

விஸ்கி எப்படி உருவாகிறது? கதைக்குத் தேவையான அளவு மட்டும் சொல்லுங்கள்.

பார்லியை ஊறவைத்து முளைகட்டுகிறார்கள். நம் வீட்டில் சத்துமாவுக்குக் கேழ்வரகு முளைகட்டுகிற அதே வேலைதான். முளை ஓர் அளவுக்கு வந்ததும் சூளையில் காயவைத்து நிறுத்துவார்கள். ஐலா போன்ற இடங்களில் அந்தச் சூளையில் பீட் எரிப்பார்கள். சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டு மக்கிய செடிகொடியைச் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்தது. அதன் புகைதான் அந்த ஊர் விஸ்கிக்கு மருந்துக்கடை வாசனையைக் கொடுக்கிறது.

காய்ந்த முளைப்பார்லியை அரைத்து, சுமார் 64 டிகிரி வெந்நீரில் கரைத்து இனிப்புச் சாறு எடுப்பார்கள். சக்கை மாட்டுக்குப் போகும். சாற்றை ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்து, ஆளை விழுங்கும் உயரமுள்ள தொட்டிகளில் இரண்டிலிருந்து நாலு நாள் வரை நொதிக்கவிடுவார்கள். இட்லி மாவு பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்த நுரையும் புளிப்பு வாசனையும் புதிதில்லை. இப்போது அதில் 8, 9 சதவீதம் ஆல்கஹால் இருக்கும்.

அடுத்தது வடிப்பு. வடிக்கும் பாத்திரத்துக்குச் சித்த மருத்துவத்தில் வாலை என்று பெயர். அந்தச் சொல்லையே இங்கேயும் வைத்துக்கொள்கிறேன். செம்பு வாலைகளில் இரண்டு முறை வடிப்பார்கள். இரண்டாம் வடிப்பில் முதலில் வருவது தலை, அப்புறம் நடு, கடைசியில் வால். நடுப்பகுதி மட்டும்தான் பீப்பாய்க்கு. தலைப் பகுதியையும் வால் பகுதியையும் அடுத்த வடிப்போடு சேர்த்துவிடுவார்கள். எப்போது தலை முடிந்தது, எப்போது வால் தொடங்கியது என்று பார்த்துக் கைப்பிடியைத் திருப்ப வேண்டியவர் வாலைக்காரர். சரக்கு பித்தளைச் சட்டம் போட்ட கண்ணாடிப் பெட்டி வழியாக ஓடும். அதன் பெயர் ஸ்பிரிட் சேஃப். பெட்டிக்குப் பூட்டு உண்டு. அவர் பார்க்கலாம், தண்ணீர் கலந்து கலங்குகிறதா என்று சோதிக்கலாம், வீரியம் அளக்கலாம். தொடவோ குடிக்கவோ முடியாது.

நடுப்பகுதியில் தண்ணீர் சேர்த்து 63.5 சதவீதத்துக்கு இறக்கிப் பீப்பாயில் நிரப்புவது வழக்கம். 2009ஆம் ஆண்டு விதிமுறைப்படி பீப்பாய் ஓக் மரமாக இருக்க வேண்டும், 700 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, ஸ்காட்லாந்திலேயே குறைந்தது 3 ஆண்டு இருக்க வேண்டும். பாட்டிலில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

விஸ்கி சாட்சி சொல்லும் என்கிறீர்களே, எப்படி?

இதற்கு ஒரு கதைமுடிச்சைச் சொல்கிறேன். வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

12 வருடத்துக்கு முன் ஒரு நவம்பர் இரவு, வடிசாலைக் கணக்கர் ஓடையில் விழுந்து இறந்தார். விபத்து என்று முடித்துவிட்டார்கள். அன்று இரவு வேலையில் இருந்த வாலைக்காரர், "நான் வாலையை விட்டு நகரவே இல்லை" என்றார். யாரும் சந்தேகப்படவில்லை. வடிப்புக் குறிப்பேட்டிலும் நேரங்கள் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றன.

இப்போது வாரிசாக வந்தவள் கிடங்கில் ஒவ்வொரு பீப்பாயாகத் திறந்து முகர்ந்து பார்க்கிறாள். அந்த வாரம் நிரப்பியவை எல்லாம் பழவாசனையோடு இருக்க, ஒரு பீப்பாய் மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. எண்ணெய்ப் பசை, ஈரத்தோல், பழைய புகையிலை. வால் பகுதி நடுவோடு கலந்தால் வருகிற வாசனை அது. அப்படியென்றால் கைப்பிடியைத் திருப்ப வேண்டிய நேரத்தில் யாரும் அங்கே இல்லை. குறிப்பேட்டில் எழுதிய நேரம் பொய். 12 வருடம் வாயைத் திறக்காதவரைப் பற்றி அவர் வடித்த சரக்கே சொல்லிவிட்டது.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பெரிய வடிசாலைகளில் பல வடிப்புகளை ஒரே தொட்டியில் சேர்த்துத்தான் பீப்பாய்களில் நிரப்புவார்கள். ஓர் இரவின் தவறு அதில் கரைந்துபோகும். எனவே கதையின் வடிசாலை சின்னதாக, ஒரு வடிப்பு தனியாகப் பீப்பாய்க்குப் போகும் இடமாக இருக்க வேண்டும். மரமும் பல குறைகளை மூடிவிடும். ஆகவே முன்பு ஷெர்ரி ஒயின் இருந்து, விஸ்கிக்கு முதல்முறை பயன்படுத்தும், வாசனை பலமான பீப்பாயை அந்த இரவுக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று முறை பயன்படுத்திக் களைத்த பீப்பாயைக் கொடுங்கள். விஷயம் தெரிந்த வாசகர் இந்தச் சின்ன அக்கறையைப் பார்த்துத்தான் உங்களை நம்புவார்.

பிணத்தைப் பீப்பாய்க்குள் மறைக்கலாமா?

எல்லோரும் கேட்பது இதைத்தான். செய்யலாம், ஆனால் அதற்கு விலை கொடுக்க வேண்டும்.

பீப்பாயின் அடைப்பான் துளை சுமார் 2 அங்குலம். ஆளை உள்ளே வைக்க வேண்டுமானால் இரும்பு வளையங்களைத் தளர்த்தி, தலைப்பலகையைக் கழற்றி, திரும்பக் கசியாமல் பொருத்த வேண்டும். பீப்பாய் செய்பவர்கள் இந்தத் தொழிலை 4 ஆண்டு பயிற்சியில் கற்கிறார்கள். ஆக, பிணம் பீப்பாயில் கிடைத்த நிமிடமே சந்தேகப் பட்டியல் இரண்டு மூன்று பேராகச் சுருங்கிவிடும்.

அடுத்தது கணக்கு. 250 லிட்டர் பீப்பாயில் இடம் போதாது. 500 லிட்டர் ஷெர்ரி பீப்பாய் வேண்டும். 70 கிலோ உடம்பு ஏறக்குறைய 70 லிட்டர் இடத்தை எடுக்கும். நிறைந்த பீப்பாய் என்றால் அந்த 70 லிட்டர் வெளியே வந்திருக்க வேண்டும். அது எங்கே போனது? தரையில் ஊற்றினால் கிடங்கே நாறும். வேறு பீப்பாயில் ஊற்றினால் அங்கே கணக்கு கூடும். அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்தால் பீப்பாய் நிறைந்திருக்கும். உள்ளதை இறைத்து அளந்தால் குறையும். கொலைகாரர் எல்லாவற்றையும் யோசித்துவிட்டு இந்த 70 லிட்டரை மறந்திருப்பார். என்னைக் கேட்டால், கதையின் மையத்தையே இதில் வைக்கலாம். ஆல்கஹாலில் உடம்பு கெடாது என்பதும் நினைவிருக்கட்டும்: 1805இல் டிரஃபால்கர் போரில் இறந்த நெல்சனின் உடலைப் பிராந்திப் பீப்பாயில்தான் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள்.

தேவதைகளின் பங்கு என்கிறார்களே, அது கதைக்கு உதவுமா?

பீப்பாய் மூச்சுவிடும். ஸ்காட்லாந்தின் குளிர்ச்சியில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும். அதைத்தான் தேவதைகள் குடிக்கும் பங்கு என்கிறார்கள். 250 லிட்டர் நிரப்பிய பீப்பாயில் 12 ஆண்டு கழித்து 196 லிட்டர் அளவில் இருக்க வேண்டும். 150 இருந்தால் தேவதைகளைத் தவிர வேறு யாரோ குடித்திருக்கிறார்கள். 240 இருந்தால் இன்னும் மோசம்: யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், வீரியத்தை அளந்ததும் அது தெரிந்துவிடும்.

திருடுவதற்கென்றே ஒரு கருவி இருந்தது. செம்புக் குழாய், ஒரு முனை அடைத்தது, கால்சட்டைக்குள் தொங்கவிட்டுக்கொண்டு வெளியே நடந்துவிடலாம். தொழிலாளிகள் அதை 'நாய்' என்பார்கள். எஜமானைப் பிரியாமல் கூடவே வருமே, அதனால். பழைய கிடங்கின் சுவர் இடுக்கில் வாரிசு அப்படி ஒரு குழாயைக் கண்டெடுப்பதாக ஒரு காட்சி வைத்தால் அத்தியாயம் தானாக எழுந்து நிற்கும்.

அந்த ஆவியால் இன்னொரு துப்பும் கிடைக்கிறது. ஆல்கஹால் ஆவியைத் தின்று வளரும் ஒரு பூஞ்சை உண்டு, பௌடோயினியா என்று பெயர். கிடங்குச் சுவர், கூரை, பக்கத்து மரங்கள் எல்லாவற்றிலும் புகைக்கரி பூசின மாதிரி கறுப்பாகப் படியும். ஊருக்கு வெளியே ஒரு பழைய ஆட்டுக்கொட்டகை. கணக்கில் அங்கே ஒன்றுமே இல்லை. ஆனால் அதன் சுவர் கறுத்திருக்கிறது. வாரிசு ஜன்னல் வழியாக அதைப் பார்க்கிறாள். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

கொலைக்கு என்ன காரணம் வைப்பது? சொத்து மட்டும்தானா?

சொத்திலேயே நிறைய இருக்கிறது. ஸ்காட்லாந்து சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. இதைத் தெரிந்துகொண்டதும் எனக்குக் கதை தானாக ஓட ஆரம்பித்தது. அங்கே உயிலில் பெயர் இல்லாத பிள்ளைக்கும் உரிமைப் பங்கு உண்டு, ஆனால் அசையும் சொத்தில் மட்டும். இறந்தவருக்குத் துணை உயிரோடு இருந்தால் பிள்ளைகளுக்கு மூன்றில் ஒரு பங்கு, இல்லையென்றால் பாதி. நிலத்திலும் கட்டடத்திலும் அந்த உரிமை கிடையாது.

இப்போது வடிசாலையைப் பாருங்கள். கட்டடமும் ஓடையும் அசையாச் சொத்து. பீப்பாய்க்குள் இருக்கும் விஸ்கியோ அசையும் சொத்து, கம்பெனிப் பங்குகளும் அப்படித்தான். அம்மாவும் இல்லாத, அப்பாவோடு சண்டை போட்டுப் பிரிந்த ஒரே மகனுக்கு வடிசாலையில் ஒரு கல்கூடக் கிடைக்காது. ஆனால் 40 வருடப் பீப்பாய்களின் மதிப்பில் பாதியைக் கேட்கலாம். அந்தப் பீப்பாய்களைப் பட்டியலிட வேண்டியவர் யார்? பட்டியலில் ஒன்று விடுபட்டால் யாருக்கு லாபம்? கொலை செய்தவர் கொலையுண்டவரின் சொத்தைப் பெற முடியாது என்பதால், உண்மை வெளிவந்தால் பங்கு மறுபடியும் மாறும்.

பணத்தின் அளவு வாசகருக்குத் தெரிய வேண்டும். 1926இல் வடித்த மக்கல்லன் பாட்டில் ஒன்று 2023 நவம்பரில் லண்டன் ஏலத்தில் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. இப்படி விலை ஏறும் இடத்தில் போலியும் வரும். 2018இல் ஸ்காட்லாந்து ஆய்வகம் ஒன்று 55 அரிய பாட்டில்களைச் சோதித்ததில் 21 போலி, அல்லது சீட்டில் போட்ட ஆண்டில் வடித்தவை அல்ல. கண்டுபிடித்த முறை அழகானது. 1950களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது. அந்தக் காற்றைக் குடித்து வளர்ந்த பார்லியில் அது பதிந்தது, பார்லியிலிருந்து விஸ்கிக்கு வந்தது. 1870களில் வடித்தது என்று சொல்லும் விஸ்கியில் அந்தக் கார்பன் இருந்தால் பொய் அங்கேயே உடைந்துவிடும். தாத்தா பெருமையாக அலமாரியில் வைத்த பாட்டில் போலி என்று தெரியவரும் பேத்திக்கு அது எவ்வளவு பெரிய வலி!

ஒரே பீப்பாயைப் பல பேருக்கு விற்கும் மோசடியும் பிரிட்டனில் அண்மை ஆண்டுகளில் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. வாங்கியவர் கையில் அழகான சான்றிதழ் இருக்கும். கிடங்குப் பேரேட்டில் அவர் பெயர் இருக்காது.

தண்ணீரையும் மறக்காதீர்கள். 1907இல் லஃப்ரோய்க்கோடு இருந்த விற்பனை ஒப்பந்தம் முடிந்த கோபத்தில், பக்கத்து லாகவூலின் வடிசாலையின் பீட்டர் மேக்கி அவர்களுடைய தண்ணீரைக் கல்லைப் போட்டு அடைத்தார். விஷயம் நீதிமன்றம் போனது. தோற்ற மேக்கி 1908இல் தன் இடத்திலேயே மால்ட் மில் என்று ஒரு சின்ன வடிசாலை கட்டி, லஃப்ரோய்க் மாதிரியே விஸ்கியை வடித்துக்காட்ட முயன்றார். அந்த ருசி வரவில்லை. வாய்க்கால் தகராறு நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமா என்ன?

மெத்தனால் கலந்து கொல்வதாக வைக்கலாமா?

வேண்டாம். பார்லிச் சரக்கில் மெத்தனால் மிகக் குறைவாகத்தான் உருவாகும். வடிப்பில் தவறு செய்ததால் ஆள் செத்தார் என்று எழுதினால் தொழில் தெரிந்தவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து கலந்ததாக எழுதலாம்தான். ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் மெத்தனால் கலந்த சாராயத்தால் இறந்ததைப் பார்த்தவர்கள் நாம். போர்வைக்குள் சுருண்டு படிக்கும் கதைக்கு அதைக் கொண்டுவர எனக்கு மனம் வராது.

விபத்து மாதிரி தோன்றும் மரணம் வேண்டும். என்ன செய்யலாம்?

வடிசாலையில் அதற்குக் குறைவில்லை. லஃப்ரோய்க்கை நிறுவியவர்களில் ஒருவரான டொனால்டு ஜான்ஸ்டன், 1847இல் கொதிசரக்குத் தொட்டியில் விழுந்து இறந்தார் என்றே அந்த வடிசாலையின் வரலாற்றில் சொல்கிறார்கள். நொதித்தொட்டியில் கரியமில வாயு கனமாகத் தேங்கி நிற்கும். மூடியைத் திறந்து முகத்தை உள்ளே விட்டால் மூக்கில் அறைந்த மாதிரி இருக்கும். காலித் தொட்டிக்குள் சரியாகக் காற்றாடவிடாமல் இறங்கினால் உயிர் போகும். கிடங்கில் அரை டன் எடையுள்ள பீப்பாய் உருளலாம்.

நெருப்பை மட்டும் தொடாதீர்கள். 1960 மார்ச் 28 அன்று கிளாஸ்கோவின் சீப்சைட் தெரு விஸ்கிக் கிடங்கு வெடித்து எரிந்ததில் தீயணைப்புக்குப் போன 19 பேர் இறந்தார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் ஆறாத புண்.

போலீஸ் இருக்கும்போது வாரிசு ஏன் துப்பறிய வேண்டும்?

வாசனை அவளுக்குத்தான் தெரியும், பேரேடு அவள் கையில்தான் இருக்கிறது. சட்டமும் உதவுகிறது. இங்கிலாந்துக் கதைகளில் வரும் கொரோனர் என்ற மரண விசாரணை அதிகாரி ஸ்காட்லாந்தில் கிடையாது. சந்தேக மரணத்தை விசாரிக்கும் பொறுப்பு புரோக்யூரேட்டர் ஃபிஸ்கல் என்ற அரசு வழக்கறிஞருக்கு. இதை மாற்றி எழுதிவிடுகிறவர்கள் அதிகம். அப்புறம், அங்கே முக்கியமான ஒவ்வொரு விஷயத்துக்கும் இரண்டு தனித்தனி ஆதாரம் வேண்டும். ஒரே சாட்சியை வைத்துத் தண்டிக்க முடியாது. போலீஸிடம் ஒரு சாட்சி இருக்கிறது, இரண்டாவது இல்லை. அந்த இரண்டாவதை வாரிசு பீப்பாயில் கண்டுபிடிக்கிறாள்.

குற்றவாளியும் அல்ல, நிரபராதியும் அல்ல, 'நிரூபிக்கப்படவில்லை' என்று மூன்றாவது தீர்ப்பும் அங்கே நெடுங்காலம் இருந்தது. அதை நீக்கும் சட்டம் 2025இல்தான் வந்தது. பழைய கொலையில் அப்படித் தப்பித்த ஒருவர் 20 வருடமாக அதே ஊரில், அதே கடையில் பால் வாங்கிக்கொண்டு வாழ்கிறார் என்று வையுங்கள்.

எந்த ஊர், எந்தக் காலம்?

ஐலா தீவு என்றால் சுமார் 3,000 பேர், பெருநிலத்தின் கென்னக்ரெய்க் துறைமுகத்திலிருந்து சுமார் இரண்டு மணி நேரம் கப்பல். புயல் அடித்தால் கப்பல் நிற்கும், யாரும் வெளியேற முடியாது. ஸ்பேசைடு என்றால் ஆற்றோரம் நெருக்கமாக வடிசாலைகள், பக்கத்துப் போட்டிக்காரர்கள்.

காலத்தைப் பொறுத்தவரை எனக்கு 1950களும் 60களும் பிடிக்கும். அப்போது கலால் அதிகாரி வடிசாலையிலேயே குடியிருந்தார். கிடங்குக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவரிடம், இன்னொன்று வடிசாலையிடம். இரண்டு பேரும் சேராமல் கதவு திறக்காது. பூட்டிய அறைக்குள் கொலை எழுத இதைவிட நல்ல ஏற்பாடு எங்கே கிடைக்கும்? கோடையில் வடிப்பை நிறுத்திவைக்கும் 'மௌன காலம்' வேறு உண்டு. இந்தக் காலத்தில் எழுதுவதானால், 1983இல் மூடி 2021இல் மீண்டும் திறந்த ப்ரோரா மாதிரி, நெடுநாள் பூட்டிக் கிடந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

குடிக்காதவர் இதை எழுதலாமா?

தாராளமாக. விஸ்கி கலப்பவர்களே பெரும்பாலும் மூக்கால்தான் வேலை செய்கிறார்கள். மாதிரியில் தண்ணீர் சேர்த்து 20 சதவீத அளவுக்கு இறக்கி முகர்வார்கள். நாளைக்கு நூறு மாதிரி என்றால் குடித்துக் கட்டுப்படியாகாது. குடிக்காத ஒருத்தியையே வாரிசாக்குங்கள் என்பேன். முதல்முறை அந்தக் கிடங்குக்குள் நுழையும்போது அவள் மூக்கு இன்னும் எதற்கும் பழகியிருக்காது. மண் தரை, ஈரக் கல், பழைய மரம், வெல்லப்பாகு, உலர்ந்த திராட்சை. பழகிய மற்றவர்கள் கவனிக்காததை அவள்தான் கவனிப்பாள்.

பூனை கட்டாயமா?

பார்லி இருக்கும் இடத்தில் எலி வரும், எலிக்குப் பூனை. ஆகவே வடிசாலைப் பூனை கதைக்காகச் செருகியதாகத் தெரியாது. கிளென்டரெட் வடிசாலையில் டவ்சர் என்ற பெண் பூனை 1963 முதல் 1987 வரை வாழ்ந்து 28,899 எலி பிடித்ததாகக் கின்னஸ் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. அங்கே அதற்குச் சிலையும் இருக்கிறது. கதையில் அதற்கு ஒரு வேலை கொடுங்கள். தினமும் படுக்கும் பீப்பாயின் மேல் ஒரு நாள் காலையில் பூனை படுக்க மறுக்கட்டும். பூனையை மட்டும் கொன்றுவிடாதீர்கள், இந்த வகை வாசகர்கள் அதை மன்னிக்கவே மாட்டார்கள்.